சிவப்புக் கேடயம் அனுப்பிய அறிவித்தல்

என் சேவைக் காலத்தில் ஓர் அறிவித்தலுக்கு நான் பதில் அனுப்பாமல் இருந்ததில்லை. நினைவூட்டல் கடிதம் இரண்டு தடவை வந்த பிறகே எழுந்து உட்காருவது மற்றவர்களின் வழக்கம். எனக்குக் காலையில் கடிதம் வந்தால் மாலைக்குள் பதில் போகும். பதிலின் பிரதி, கடிதங்களைக் கோர்த்து வைக்கும் கோவையில் ஏறும். கோவையின் இலக்கம் பதிவேட்டில் ஏறும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றப்பத்திரிகையின் முதலாம் பந்தியாகச் சொல்கிறேன்.

இருபத்துமூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்கு அரசாங்கக் கடிதங்கள் எழுதும் இலிகிதராக வந்தேன். ஊருக்கு இடமாற்றம் கேட்டு வருடம் தவறாமல் விண்ணப்பித்தேன். அது கிடைத்த வருடம் போரால் பாதை மூடிக் கிடந்தது. ஹற்றனிலேயே நிர்வாக உத்தியோகத்தராகித் தொண்ணூறுகளின் கடைசியில் ஓய்வு பெற்றேன். பிறகு ஆவணங்களை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் நியமனமும் ஒரு றப்பர் முத்திரையும் கிடைத்தன. டிக்கோயாப் பாதையிலுள்ள வாடகை வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டேன். பிறப்பு, இறப்பு, விவாகம், தொலைந்த அடையாள அட்டை என்று வட்டவளையிலிருந்தும் திம்புள்ளப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒன்பது மணிக்குத் திறந்து நான்கேகாலுக்கு மூடுவேன். மனைவி அந்த அறையை, ஏதோ அரச அலுவலகம்போல, கந்தோர் என்றே சொல்வாள்; அவள் சொல்வதில் மரியாதை இருக்காது.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மகள், கந்தோருக்கு ஒரு கொம்பியூட்டரும் ஸ்கேனரும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். தொலைபேசிக் கம்பி வழியாக இணையமும் வந்தது. நான் அதை ஒரு புதிய இலிகிதரை ஏற்றுக்கொள்வதுபோல் ஏற்றுக்கொண்டேன்: சந்தேகத்தோடு தொடங்கி, ஒரு மாதத்தில் முழுப் பொறுப்பையும் அதன் தலையில் கட்டினேன்.

அதற்குக் காரணம் இருந்தது. இந்த மலையில் கடதாசி வாழாது. ஆனி மாதத்து ஈரத்தில் கோவைகள் ஊதிப் பருக்கும்; ஆடியில் பூஞ்சணம் பிடிக்கும்; மிச்சத்தை வெள்ளிப் பூச்சி தின்னும். முப்பத்தைந்து வருடம் அதோடு போராடித் தோற்றவன் நான். ஸ்கேனரின் கண்ணாடிக்குள் போன கடதாசிக்கு ஈரம் கிடையாது, பூச்சி கிடையாது. அதனால் போட்டோ கொப்பி எடுக்கும் பழக்கத்தையே விட்டேன். ஸ்கேனர் எடுத்த படங்களுக்குத் தானாகவே ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லும் இலக்கமும் வைத்து எங்கேயோ போட்டது. அந்த ஒழுங்கீனம் எனக்குப் பொறுக்கவில்லை. மகள் காட்டித் தந்த ஒரு வழியால் ஒவ்வொரு படத்தையும் என் சொந்தக் கோப்புறைக்குக் கொண்டுவந்து, கந்தோர் முறைப்படி வருடம், பிரிவு, வரிசை இலக்கம் என்று பெயர் வைத்தேன். அங்கே வந்த ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் ஒரு சிறிய அம்புக்குறி இருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன்.

கொம்பியூட்டர் வந்து இரண்டு வருடம் ஆனபோது, மாசியில், ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மகள் தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடமாகத் தொண்டர் ஆசிரியை. முதலாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், சம்பளம் இல்லாமல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கச் சுற்றுநிருபம் வந்திருந்தது. தகைமைகள் எல்லாம் அவளிடம் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை: பிறப்புச் சாட்சிப் பத்திரம்.

தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் அதைப் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டியவர் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. அவள் பிறந்த சமயம் தோட்டம் கை மாறிக்கொண்டிருந்தது. பழைய துரை போய்விட்டார்; புதிய துரை வந்து சேரவில்லை. இடையில் பிறந்தவர்கள் சட்டப்படி பிறக்கவில்லை. சத்தியக் கடதாசி கொடுத்துப் பள்ளியில் சேர்ந்து, தபால் அடையாள அட்டையைக் காட்டிப் பரீட்சைகளை எழுதி, அவள் அதுவரை எப்படியோ ஒப்பேற்றிவிட்டாள். சுற்றுநிருபமோ விண்ணப்ப முடிவுத் தேதியில் முப்பது வயது பூர்த்தியாகியிருக்கக் கூடாது என்றது.

தாய் முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் மடித்த ஓர் அட்டை.

"இது ஒன்னுதாங்க ஐயா இருக்கு. இவ பொறந்தப்ப டிஸ்பென்சரியில குடுத்தாங்க. சாமிப் படத்துச் சட்டத்துக்குள்ள சொருகி வச்சிருந்தேன்."

தோட்ட டிஸ்பென்சரியின் தடுப்பூசி அட்டை. மேலே தோட்டத்தின் முத்திரையும் தாயின் பெயரும். கீழே பிள்ளையின் பிறந்த தேதி, நிறை, ஊசி போட்ட நாட்கள், மருத்துவ உதவியாளரின் கையொப்பம். கணக்குப் பார்த்தேன். முடிவுத் தேதியில் அவளுக்கு இருபத்தொன்பது வயதும் எட்டு மாதமும்.

"நாலு மாசம் மிச்சம் இருக்கு, பிள்ளை," என்றேன். "காலங்கடந்த பதிவுக்கு இப்பவே எழுதுவம்."

"கிடைக்குமா சேர்?" என்றாள் மகள்.

"இந்த அட்டை இருந்தாக் கிடைக்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டிக் கதையே வேற. டொக்டர் ஆளைப் பாத்து உத்தேச வயது ஒண்டு போடுவார். அதுக்கு நாங்கள் போகத் தேவையில்லை."

டிஸ்பென்சரி இழுத்து மூடப்பட்டுப் பத்து வருடம். அதன் புத்தகங்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. கையொப்பமிட்ட மருத்துவ உதவியாளர் காலமாகிவிட்டார். ஆகவே அந்த அட்டைதான் எல்லாம். விண்ணப்பத்தோடு மூலப் பத்திரத்தை இணைக்க வேண்டும் என்பது விதி. இணைக்கும் முன் ஸ்கேனரில் வைத்துப் படம் எடுத்தேன். என் கோப்புறையில் இலக்கம் இட்டேன். திரையில் அதைப் பெரிதாக்கித் தாய்க்குக் காட்டினேன்.

"அச்சடிச்சு ஒன்னு தருவீங்களா ஐயா?"

"பிரிண்டருக்கு மை முடிஞ்சு போச்சு. பயப்பிடாதேங்கோ. இது இனிச் சாமிப் படத்தை விடப் பத்திரம்."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். மறுக்க வழியில்லை, மனைவி பக்கத்தில் நின்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை தாயும் மகளும் திரும்ப வந்தார்கள். காரியாலயத்தில் கோவையைக் காணவில்லை. எந்தக் காரியாலயம் என்று எழுதப் போவதில்லை. கோவை காணாமற்போகாத காரியாலயம் ஒன்று இருந்தால் அதன் பெயரை எழுதலாம். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்லவர். மூல அட்டையைத் தான் கண்ணால் கண்டதாகவும், அதன் பிரதியை நான் உறுதிப்படுத்தித் தந்தால் வியாழக்கிழமை உதவிப் பதிவாளர் முன் வைத்து ஒப்பம் வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆசிரியர் விண்ணப்பத்தின் முடிவுத் தேதி.

"ஒங்ககிட்ட இருக்குதுங்களே ஐயா," என்றார் தாய். கேள்வியாகக் கேட்கவில்லை. எதையோ பிடித்துக்கொள்ளும் குரலில் சொன்னார்.

"இருக்கு. புதன்கிழமை வாங்கோ. நான் மை வாங்கி அச்சடிச்சு, முத்திரை குத்தி வைக்கிறன்."

அன்று மத்தியானம் உறுதிப்படுத்தலுக்கான வாசகம் மாறியிருக்கிறதா என்று பார்க்க இணையத்தைத் திறந்தேன். மாறியிருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்ப்பேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் திரையின் நடுவில் சிவப்புக் கேடயம் ஒன்று எழுந்து நின்றது.

உங்கள் கொம்பியூட்டர் ஆபத்தில் உள்ளது என்றது. உடனடி நடவடிக்கை தேவை என்றது. மேலே இலச்சினை, கீழே இலக்கம், நடுவில் கட்டம் போட்ட பட்டியல். ஓர் அறிவித்தலுக்கு வேண்டிய இலட்சணம் எல்லாம் பொருந்தியிருந்தது. இரண்டு பொத்தான்கள். ஒன்று, ஆபத்தை அகற்று. மற்றது, பாதுகாப்பின்றித் தொடர். பாதுகாப்பின்றித் தொடர விரும்புகிறேன் என்று எந்த உத்தியோகத்தன் கையொப்பமிடுவான்? முதலாவதை அழுத்தினேன்.

ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. அதன் கீழே என் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடி, சில சிவப்பாக நின்றன. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அறுபத்தொன்றில் நின்றது. அறுபத்தொரு கோப்புகளில் வைரஸ். இவற்றை அகற்றாவிட்டால் மற்றக் கோப்புகளுக்கும், என்னோடு தொடர்புள்ள மற்றக் கொம்பியூட்டர்களுக்கும் பரவும். கனடாவில் மகளின் கொம்பியூட்டர் கண்முன் வந்தது. அகற்றுவதற்கு முதலில் அந்த அன்டிவைரஸைப் பதிவு செய்ய வேண்டும். அழுத்தினேன். படிவம் வந்தது. படிவத்தைக் கண்டதும், உண்மையைச் சொல்கிறேன், மனம் சற்று ஆறியது. பெயர், முழு முகவரி, பிறந்த தேதி, தொழில் எல்லாவற்றையும் நேர்மையாக நிரப்பினேன். கடைசிக் கூட்டில் கிரெடிட் கார்ட் இலக்கம் கேட்டது.

என்னிடம் இருந்தது ஓய்வூதியம் வந்து விழும் ஒரு சேமிப்புப் புத்தகம்தான். கட்டணத்தை வங்கி வரைவாக அனுப்பலாமா, அதற்குப் பற்றுச்சீட்டு தருவீர்களா என்று கேட்டு, பக்கத்தின் அடியில் இருந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பெறுநர் இல்லை என்று அரை நிமிடத்தில் திரும்பி வந்தது. அவர்களுக்குத் தபால் நிலையமே இல்லை என்பதை அதிலிருந்தாவது நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். கேடயம் திரும்பத் திரும்ப எழுந்து டிங் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"இதென்ன, பெட்டிக்கு வருத்தமோ?"

"வைரஸ் எண்டு அதுவே சொல்லுது."

"ஆர் சொல்லுது?"

"இந்த அன்டிவைரஸ்."

"இதை எப்ப வாங்கின நீங்கள்?"

"வாங்கேல்லை. தானாத்தான் வந்தது."

"கூப்பிடாம வந்தவனுக்கு உங்கட வீட்டுக்குள்ள என்ன இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள். "டவுனில அந்தக் கொமினிகேஷன் கடை நானாவைக் கேளுங்கோவன்."

"அவர் ஒண்டையும் வாசிக்க மாட்டார். எல்லாத்தையும் மூடிப்போட்டுத் திறக்கிறதுதான் அவருக்குத் தெரிஞ்ச வைத்தியம்."

"வாசிக்காததாலதான் அந்தாள் நிம்மதியா இருக்கு."

அவள் இலவசமாகக் கேட்ட அந்தக் கேள்விதான் முழு விஷயமும். அதற்கு நான் அன்று பதில் எழுதவில்லை. அது எழுத்துமூலம் வரவில்லை.

இரவு முழுக்க யோசித்து, செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கே கந்தோரைத் திறந்தேன். அறிவித்தல் என்ன கேட்கிறது? அறுபத்தொரு கோப்புகளை அகற்றச் சொல்கிறது. கார்ட் இல்லாததால் இயந்திரத்தால் அகற்ற முடியாது. கையால் அகற்றத் தடையேதும் இல்லை. அரச ஆவணங்களை அழிப்பதற்கு ஒரு முறை உண்டு: பட்டியல் எழுத வேண்டும், ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும், சாட்சி முன்னிலையில் அழித்து, அழித்த தேதியிட வேண்டும். அப்படி எத்தனையோ மூட்டை கோவைகளை எரித்த அனுபவம் எனக்கு உண்டு. முழுநீளத் தாளில் அறுபத்தொரு பெயர்களையும் எழுதினேன். சிவப்புப் பென்சில் எடுத்தேன்.

பட்டியலில் ஏதாவது என் கோப்புறையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை. என் இலக்கமிட்ட பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஸ்கேனர் தன் பாட்டில் வைத்த அந்த ஆங்கிலச் சொல்லும் இலக்கமும். இன்னும் சில எனக்கு விளங்காத பெயர்கள். அவை என் படங்களின் மேலதிகப் பிரதிகள், ஸ்கேனர் குப்பைபோல் போட்டு வைத்தவை என்று முடிவு செய்தேன். நோய் குப்பையில் பிடித்திருக்கிறது. என் ஒழுங்கில் பிடிக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு திருப்தி.

ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அழித்தேன். பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினேன். முடிக்கும்போது பன்னிரண்டரை. மனைவியைக் கூப்பிட்டுப் பட்டியலின் அடியைக் காட்டினேன்.

"இதில ஒரு கையெழுத்து வையும்."

"நான் என்னத்துக்குச் சாட்சி?"

"அழிச்சதுக்கு."

"சோறு ஆறுது. உங்கட கூத்துக்கு ஒரு கையெழுத்து," என்று வைத்துவிட்டுப் போனாள்.

நாற்காலியில் சாய்ந்தேன். டிங். கேடயம் எழுந்தது. பச்சைக் கோடு ஊர்ந்தது. சிவப்புப் பெயர்கள் வரிசையாக நின்றன. நேற்று வந்த அதே அறுபத்தொன்று, அதே ஒழுங்கில். சற்றுமுன் என் கையாலேயே அழித்து, சாட்சிக் கையொப்பமும் வாங்கிய கோப்புகளில் இன்னமும் வைரஸ் இருக்கிறதாம்.

செத்தவருக்குக் காய்ச்சல் என்று எழுதும் வைத்தியனைக் கண்டால் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது. இது எதையும் பார்க்கவில்லை. பார்த்ததேயில்லை. ஒரு தடவை பெயர்களை வாசித்து, வாய்ப்பாடுபோல் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது.

ஆறுதலுக்காக என் கோப்புறையைத் திறந்தேன். எல்லாம் இலக்கப்படி அடுக்காக இருந்தன. அட்டையின் படத்தை அழுத்தினேன். படம் வரவில்லை. ஒரு சிறிய பெட்டி வந்தது. அதற்குள் ஒரு டோர்ச் லைட் இங்கும் அங்கும் அசைந்து எதையோ தேடியது. தேடி முடித்துவிட்டு, கேட்ட கோப்பு இல்லை என்றும், அளவிலும் தேதியிலும் அதற்கு மிக நெருங்கியது இதுதான் என்றும் சொல்லி, நான் எழுதிய ஒரு மின்சார சபை முறைப்பாட்டைக் காட்டியது.

அடுத்ததை அழுத்தினேன். டோர்ச் லைட். அதற்கடுத்தது. டோர்ச் லைட்.

அந்தச் சிறு அம்புக்குறியின் பொருள் அப்போதுதான் விளங்கியது. என் கோப்புறையில் இருந்தவை படங்கள் அல்ல. படம் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்புகள். இரண்டு வருடமாக நான் ஒழுங்காக இலக்கமிட்டு வைத்திருந்தது கோவைகளின் பதிவேட்டை. பட்டியல் போட்டு எரித்தது கோவைகளை.

கொம்பியூட்டரைத் துவாயில் சுற்றி, ஓட்டோவில் வைத்து, டவுனுக்குக் கொண்டுபோனேன். கொமினிகேஷன் நடத்துபவர் என் வயதுக்காரர். தகப்பன் காலத்தில் அது துணிக்கடை. தொலைபேசி அழைப்பு, போட்டோ கொப்பி, கொம்பியூட்டர் திருத்தம் எல்லாம் அங்கே நடக்கும். திரையைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, இவரா? இந்த மாசம் நாலு பேருட மெசினுக்கு இவர் வந்தீக்கார் சேர். நுவரெலியாவில ஒரு ஹோட்டல்காரர் கார்ட் நம்பரையும் குடுத்துட்டு அழுதுக்கிட்டு ஈக்கிறார்."

"வைரஸ் எண்டு சொல்லுது."

"வைரஸ் ஈக்குதுன்னு சொல்றதுதான் சேர் வைரஸ். மத்தது எல்லாம் சுகமா ஈந்திருக்கும்."

"அப்ப என்ன செய்திருக்க வேணும்?"

"ஒன்னுமே செய்யப்படாது. ரெண்டு பட்டன்லயும் கை வைக்கப்படாது. மூலையில உள்ள குறுக்குக் கோட்டக்கூடத் தொடப்படாது. அதுவும் அவன்ட பட்டன்தான். டெலிபோன் வயரப் புடுங்கிட்டு, மெசின ஓஃப் பண்ணிட்டு, ஒரு பிளேன்டி குடிக்கணும். அவ்வளவுதான்."

முப்பத்தைந்து வருடத்தில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு எவரும் பயிற்சி தரவில்லை. என்னோடு வேலை செய்த பலருக்கு அது இயல்பாகவே வரும்; அவர்களை நான் எவ்வளவோ ஏளனம் செய்திருக்கிறேன்.

பட்டியலை அவரிடம் நீட்டினேன். சரி போட்ட அறுபத்தொரு பெயர்களையும் மனைவியின் கையொப்பத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதெல்லாம் யாரு சேர் அழிச்சது?"

"நான்தான்."

"வைரஸ்கூட இப்பிடிச் செய்யாது சேர்," என்றார் மெதுவாக. "அவன் சும்மா பயங்காட்டுறான். ஒரு பைலையும் தொட மாட்டான்."

அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். கடையில் நின்ற மற்றவர்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். அழித்ததைத் தேடும் ஒரு ப்ரோகிராமை ஓடவிட்டார். அழித்த பிறகு மெசினைப் பாவித்தீர்களா என்று கேட்டார். ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தேன் என்றேன். அந்தக் கேடயமும் தன் பாட்டுக்கு எதையெதையோ இறக்கிக்கொண்டிருந்தது என்றேன். உச்சுக் கொட்டினார். அழிந்த கோப்பு அதே இடத்தில்தான் கிடக்குமாம். அதன் மேல் வேறொன்று வந்து உட்காரும்வரைதான்.

நான்கு மணிக்குமேல் ஒரு படம் வந்தது. மேலிருந்து கீழாகத் திரையில் இறங்கியது. தோட்டத்தின் முத்திரை, தாயின் பெயர், அவர்கள் குடியிருந்த லயத்தின் இலக்கம். அதோடு நின்றது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

"இன்னொருக்காப் பாருங்கோ," என்றேன்.

பார்த்தார். மூன்று தடவை. மூன்று தடவையும் அதே இடத்தில் சாம்பல் தொடங்கியது. அந்த அட்டையை ஒரு தாய் சாமிப் படத்துச் சட்டத்துக்குள் இருபத்தொன்பது வருடம் வைத்திருந்தார். லயத்துக் கூரை ஒழுகியும் ஓர் எழுத்து அழியவில்லை. என் விஞ்ஞானப் பாதுகாப்பில் அது இரண்டு மாதம் இருந்தது.

புதன்கிழமை வந்தார்கள். மகள் பள்ளி முடித்து வந்திருந்தாள். கையில் சோக்குத் தூள். எப்படிச் சொல்வது என்று எழுதி வைத்திருந்தேன். எழுதியதை வாசிக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

தாய்க்கு விளங்கவில்லை. "தேடுனா கெடைச்சிருமுங்களா ஐயா?"

"தேடினது. பாதிதான் வந்தது."

"எந்தப் பாதிங்க?"

"மேல் பாதி."

மகள் தலையைக் குனிந்தபடி கேட்டாள். "தேதி கீழ்ப் பாதியில தானே சேர் இருந்திச்சு?"

"ஓம், பிள்ளை."

"யாரோ ஏமாத்துனதுக்கு நீங்க என்னாங்க செய்வீங்க," என்றார் தாய். "பரவால்லைங்க ஐயா."

அவர் ஏசியிருக்கலாம். ஏச்சுக்குப் பதில் எழுதும் முறை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பாதிப் படத்தை அச்சடித்துக்கொண்டு அவர்களோடு காரியாலயத்துக்குப் போனேன். உத்தியோகத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூல அட்டையை நான் கண்டேன் என்று சத்தியக் கடதாசி தருகிறேன் என்றேன். அவர் எழுந்து நின்றே பதில் சொன்னார், சிங்களத்தில், மிகவும் மரியாதையாக.

"விண்ணப்பத்தைத் தயாரித்தவர் சாட்சியாக முடியாதே சேர். அதைச் சொல்லும் சுற்றுநிருபத்தை எங்களுக்குப் படிப்பித்தது நீங்கள்தான்."

உண்மை. பயிற்சி வகுப்பில் அந்தப் பந்தியின் கீழ் இரண்டு கோடு போடச் சொன்னேன். இவர் முன்வரிசையில் இருந்திருக்க வேண்டும்.

மிஞ்சியது உத்தேச வயது. அன்றே வைத்தியசாலைக்கு ஓடினோம். வைத்தியர் பல்லைப் பார்த்தார், கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்பது வருடம் இரண்டு வகுப்பை ஒரே தொண்டையால் நடத்திய முகம். பனியில் வெடித்த கன்னம். அவருக்கு அவள் மேல் ஒரு கோபமும் இல்லை. கண்ணில் கண்டதை எழுதினார்: முப்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை முடிவுத் தேதி கடந்தது. அதற்குப் பிறகு நான் மேன்முறையீடுகள் எழுதினேன். மாகாணத்துக்கு, கொழும்புக்கு, ஆணைக்குழுவுக்கு. எல்லாம் பதிவுத் தபாலில். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது. இப்போது அப்படி ஒரு கடிதத்தைக் கண்டால் அதன் இலச்சினையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் தொடர்ந்து படிப்பித்தாள். தொண்டராகவே.

ஆடி மாதம் தாய் மட்டும் தனியாக வந்தார். குடையைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். மேன்முறையீட்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கோவையை எடுத்தேன்.

"அது இல்லைங்க ஐயா. அந்த மேல் பாதின்னு சொன்னீங்களே. அது ஒங்ககிட்ட இருக்குதுங்களா?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"சட்டத்துக்குள்ள எடம் சும்மா கெடக்குதுங்க."

பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்காமல் மேசையைப் பார்த்தார்.

"ஒங்க சீல் ஒன்னும் குத்திக் குடுங்க ஐயா."

உண்மைப் பிரதி என்று எழுதி முத்திரை குத்துவதற்குப் பிரதி முழுமையாக இருக்க வேண்டும். பாதிப் பத்திரத்தை உறுதிப்படுத்த எந்த விதியிலும் இடமில்லை. இதை அவருக்கு விளக்க வாய் திறந்தேன். பிறகு முத்திரையை மையில் அழுத்தி, அவருடைய பெயருக்குப் பக்கத்தில் குத்தி, கையொப்பமிட்டேன்.

அவர் மை காயும்வரை ஊதினார். சாம்பல் நிறப் பகுதி பின்னால் போகும்படி தாளை மடித்தார். பொலித்தீன் பைக்குள் வைத்து, முந்தானைக்குள் செருகிக்கொண்டு, மழைக்குள் இறங்கிப் போனார்.